வாளைச் சுமந்தது யார்

"அம்மா, இவ்வளவு பெரிய வாளைச் சண்டை நடக்கிற இடம் வரைக்கும் யாரு தூக்கிட்டுப் போனது?"

என் மகள் ஆறு வயதில் கேட்டது. நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில், ஒரே வீச்சில் ஏழு பேரைச் சாய்த்ததாகச் சொல்லப்படும் படைத்தலைவனின் வாளுக்கு முன்னால் நின்றிருந்தோம். அட்டையில் 'எடை பதினெட்டு கிலோ' என்றிருந்தது. "அவரேதான், பெரிய பலசாலி" என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையில் நானும் நம்பவில்லை.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். புதுப்பித்த கூடத்தின் திறப்புக்கு ஒரு நாள்தான் இருந்தது. அட்டைகளைத் திருத்துவது என் பொறுப்பு என்பதால், வாளை மறுபடி நிறுக்க மலை அண்ணனைக் கூப்பிட்டேன். கூடத்துக்குக் காவலும் அவர்தான், சுமை தூக்குவதும் அவர்தான். ஆள் அப்படி ஓர் உருவம். அவர் தும்மினால் பீரங்கி வெடித்ததென்று ஓடுவார்கள் என அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

துருவேறி வாளோடு ஒட்டிப்போயிருந்த இரும்புத் தாங்கியை இந்த முறைதான் கழற்றியிருந்தார்கள். தராசில் வாள் ஒரு கிலோ முந்நூறு கிராம்.

"அப்போ தாங்கியோட சேத்து நிறுத்துட்டோம்" என்றார் அண்ணன். "பதினெட்டுன்னே இருக்கட்டும்மா. பிள்ளைங்க வாயைப் பொளந்து பாக்குதுங்க. ஒரு கிலோங்கிறது வெங்காயம் வாங்குற கணக்கு."

"பொய் எழுத முடியாதுண்ணே. நாளெல்லாம் வீசுறதுக்கு இதுதான் சரியான எடை. பதினெட்டு கிலோன்னா நாலு வீச்சுல தோள் போயிரும்."

தோள் என்றதும் அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். வாளை இடது கையால் எடுத்து வைத்திருக்கிறார். வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமா. வெளிய சொல்லிராதம்மா. ஓய்வுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. சுமை தூக்க முடியாதவங்க பேரை அதிகாரி கேட்டிருக்காரு. பேரு போச்சுன்னா வீட்டுக்குத்தான்."

"அப்போ பீரங்கிக் குண்டெல்லாம்?"

கீழே கிடங்கில் அண்ணன் தூக்க வேண்டியவை பன்னிரண்டு பெட்டிகள், பெட்டிக்கு நாலு குண்டு. மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதிகாரி வருவதற்குள் அவை மேலே கூடத்தில் இருக்க வேண்டும்.

"யாரையாவது கூப்பிடலாமே?"

"மலையே கைகொடுங்கன்னு கேட்டா சும்மா விடுவாங்களா? இன்னொரு கை இருக்குல்ல, பாத்துக்கறேன்."

சாயங்காலம் வீட்டில் உட்காரவே முடியவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். யாரிடம் உதவி கேட்டாலும் அவர் விஷயம் வெளியே வந்துவிடும்.

"என்னம்மா, கூண்டுக்குள்ள இருக்கிற மாதிரி சுத்துற?" என்றாள் மகள்.

"அந்த வாள் ஒரு கிலோ சொச்சம்தான்டி."

"அப்போ அவரே தூக்கிட்டுப் போயிருப்பாரு" என்று சிரித்தாள். "சோறு, கூடாரம், தண்ணி எல்லாம் யாரு தூக்குனது? அதையும் எழுது."

அவள் வயிற்றில் இருந்தபோது எனக்குத் தற்காலிக வேலைதான். சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைத்தேன். தினமும் கீழிருந்து ஆவணப் பெட்டிகளைத் தூக்கி வர வேண்டும். ஒரு நாள் காலை போனால், பெட்டிகள் என் மேசைக்கு வந்திருந்தன. குனியாமல் படிக்க வசதியாக, எண்கள் என் நாற்காலிப் பக்கம் திருப்பப்பட்டிருந்தன. ஐந்து மாதம் அப்படியே நடந்தது. யார் என்று எனக்குத் தெரியும். மலை அண்ணனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எதிரில் வந்தால், "படி பாத்து இறங்கும்மா" என்பார், அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கே என்னிடமிருந்த சாவியால் கிடங்கைத் திறந்தேன். பெட்டியோடு தூக்க என்னால் முடியவில்லை, தள்ளுவண்டி படியேறாது. கடவுளே, முதுகு மட்டும் தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, துணிப்பையில் இரண்டிரண்டு குண்டாக எடுத்தேன். இருபத்துநாலு நடை. பிறகு காலிப் பெட்டிகள். ஏழாவது நடையிலேயே பையைத் தோளுக்கு மாற்றினேன். வழியில் கண்ணாடிக்குள் வாள் இருந்தது, அருகில் பொய்யில்லாத என் புது அட்டை. ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காமல் கடந்தேன். எட்டரை மணி நெருங்கியது, அண்ணன் வரும் நேரம். வாசலில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டேன்.

காலிப் பெட்டிகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து, குண்டுகளை நிரப்பி மூடினேன். எண்கள் சுவரைப் பார்த்திருந்தன. பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக, அண்ணன் நிற்கும் பக்கம் பார்க்கும்படி தரையிலேயே தள்ளித் திருப்பி வைத்தேன். பிறகு பின்வாசல் வழியாக வெளியேறினேன்.