நாலாவது சுற்றில் நீலத் துண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குத்துச்சண்டைக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் இன்று அதிகம் பேசுகிறார்கள். மேடையில் மோத இருந்தவர்கள் இருவர்: ஐம்பத்தாறு வயதுப் பெட்டகம், ஐம்பத்தெட்டு வயதுத் தச்சர். நடுவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடி பார்க்க ஒரு டாக்டர். தச்சரின் மூலையில் அவருடைய மருமகன். பெட்டகத்தின் மூலையில் அவருடைய அக்கா, முப்பத்தைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர். முன்வரிசையில் தச்சரின் மனைவி. அவர் பக்கத்தில், நாற்காலியைத் திருப்பிப் போட்டு மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டகத்தின் மனைவி. பின்னால் மடக்கு நாற்காலிகளில் நாற்பது பேருக்கு மேல் இல்லை.

பெட்டகம் என்பது பட்டப்பெயர். யார் எவ்வளவு தட்டினாலும் திறக்காத தற்காப்பு என்பதால் வந்தது. தச்சர் பட்டப்பெயர் இல்லை. அவர் நிஜமாகவே தச்சர்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே இருவரும் கனரகப் பிரிவின் இறுதிப் போட்டியில் மோதினார்கள். ஒன்பதாவது சுற்றில் பெட்டகத்தின் புருவம் கிழிந்து கண்ணை ரத்தம் மூடியது. புள்ளிகளில் அவர்தான் முன்னால் இருந்தார். மூலையில் நின்ற அக்கா வெள்ளைத் துண்டை மேடைக்குள் எறிந்தார். துண்டு விழுந்தால் விழுந்ததுதான். எந்த மூலையிலிருந்து வந்ததோ, அந்த மூலையின் ஆட்டக்காரர் தோற்றவர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினோரு மாதம் தம்பி அக்காவோடு பேசவில்லை. "குழாய் ஒழுகுதுன்னு உன் நாத்தனார்கிட்ட சொல்லு" என்று, அக்கா எதிரில் நிற்கும்போதே மனைவியிடம் சொல்வார். ஒரு கண்ணைக் காப்பாற்றினேன், அதற்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று அக்காவும் நிமிர்ந்தே நின்றார். பிறகு எப்படியோ பேச்சு வந்தது. துண்டைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் கூடத்து மேடையின் பலகைகள் உளுத்துப்போய், புதுத் தளம் போட்டவர் தச்சர். வேலை முடிந்த அன்று பெட்டகம் ஏறி நடந்து பார்த்தார். குதித்தும் பார்த்தார்.

"தாங்குமா?"

"நீ விழுந்தாலும் தாங்கும்."

"நான் எப்போய்யா விழுந்தேன்? நின்னுக்கிட்டேதானே தோத்தேன்."

"அப்ப வா. நின்னுக்கிட்டே இன்னொரு தடவை தோத்துப் பாரு."

அப்படித்தான் முடிவாயிற்று. நாலு சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிடம், பரிசு எதுவும் கிடையாது. தம்பி வீட்டுக்கு வந்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தார்.

"மூலையில நீதான் நிக்கணும், அக்கா. ஆனா வெள்ளைத் துண்டு வேணாம். கடைசி மணி அடிக்கும்போது நான் மேடையில இருக்கணும். அது போதும் எனக்கு."

"வேர்வையை எதால துடைக்கிறதாம்?"

"நீலத் துண்டு கொண்டு வா."

அக்கா கடைக்குப் போய் நீலத் துண்டு ஒன்று வாங்கினார். ஒன்றே ஒன்று. பையில் வெள்ளை எதையும் ஒளித்து வைக்கவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று வளர்ந்த குடும்பம் அது.

சண்டைக்கு முன்னால் கையில் கட்டுப் போடும்போது எதிர்மூலையிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும், ஒட்டிய பட்டையின் மேல் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். கட்டுக்குள் எதையும் திணிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. மருமகனுக்கு இதெல்லாம் தெரியாததால் தச்சரே வந்தார். அக்கா தம்பியின் வீங்கிய விரல் முட்டிகளைப் பஞ்சு வைத்து மெத்தென்று சுற்றினார்.

"முட்டி எல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கேப்பா" என்றார் தச்சர்.

"உன் முகத்துல அடிச்சு அடிச்சு வந்தது."

தச்சர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக் கையெழுத்திட்டார். பாதி பட்டையில் விழுந்தது, பாதி தம்பியின் தோலில். நூல் பிசகாமல் கோடு இழுக்கிற கை அது. அக்கா பார்த்தார், பதற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் சுற்றில் இருவரும் இரண்டு பீரோக்களை யாரோ நகர்த்துகிற மாதிரி நகர்ந்தார்கள். இரண்டாவது சுற்றில் கால்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. தம்பியின் வலக்கை போய்த் தச்சரின் இடக் கன்னத்தில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. கூட்டம் கத்தியது. அக்கா கத்தவில்லை. அடி வருகிறது என்றால் வாங்குகிறவன் கண் தானாகச் சுருங்கும். தச்சரின் இடக்கண் சுருங்கவே இல்லை.

மணி அடித்தது. தம்பி முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, என் வலக்கை அவருக்குத் தெரியல."

"பாத்தேன். இடக்கண் மறைக்குது. புரையா இருக்கும். நடுவர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா டாக்டர் மேடையிலேயே டார்ச் அடிப்பாரு. பொண்டாட்டி, மருமகன் எல்லாரும் பாக்க. நாளைக்கு யாரு அவர்கிட்ட அலமாரி செய்யக் குடுப்பாங்க?"

"அப்ப வலக்கையை வச்சுக்கோ."

மூன்றாவது சுற்று முழுக்கத் தம்பி இடக்கையால் மட்டும் ஆடினார். "வலக்கையை வீட்ல வச்சுட்டு வந்தியா?" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். தச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கட்டிப் பிடித்த நேரத்தில் அக்காவுக்கே கேட்கும்படி உறுமினார்: "என்னய்யா, பரிதாபமா? ஆம்பளையா அடி!" சொன்னதோடு நிற்காமல் கைகளை இறக்கிக்கொண்டு, தெரியாத பக்கத்தைக் காட்டியபடி முன்னால் முன்னால் வந்தார்.

மணி. தம்பி உட்கார்ந்தார். அக்கா நீலத் துண்டால் நெற்றியைத் துடைத்தார்.

"அடிச்சா கண்ணு போயிடும். அடிக்கலைன்னா மானம் போயிடும்" என்றார் தம்பி. "ஒரு நிமிஷம் ஆடறேன். அவர் நல்லா ரெண்டு குத்து குத்தட்டும். அப்புறம் போட்டுடு."

"எதை?"

"துண்டை."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "நீலம்தானே இருக்கு."

"நீலமும் துண்டுதான், அக்கா."

"கடைசி மணி வரைக்கும் நிக்கணும்னு சொன்னியே."

"சொன்னேன்." தம்பி எதிர்மூலையைப் பார்த்தார். அங்கே மருமகன் தண்ணீர்ப் புட்டியை நீட்ட, தச்சர் அதை எங்கோ தள்ளித் தடவிக்கொண்டிருந்தார். "பழி உன் மேலதான் வரும்."

"புதுசா என்ன? பழகின பழிதான்" என்றார் அக்கா. பல் காப்பை எடுத்து, சின்ன வயதில் மருந்து ஊட்டிய அதே விரல்களால் தம்பி வாயில் வைத்தார்.

நாலாவது சுற்றில் தச்சர் விலாவில் இரண்டு குத்து விட்டார். இரண்டும் நிஜம்; தம்பி மூச்சைத் தேடினார். அக்கா ஒரு நிமிடத்தை மனதுக்குள் எண்ணி முடித்துத் துண்டை எறிந்தார். புதுப் பலகையின் நடுவில் அது போய் விழுந்தது.

நடுவர் பழைய பழக்கத்தில் விசிலை ஊதிவிட்டுக் குழம்பி நின்றார். "என்னம்மா, கை தவறி விழுந்துடுச்சா? இது நீலமாச்சே!"

"போட்டேன்" என்றார் அக்கா.

தச்சரின் கையை நடுவர் தூக்கினார். தச்சரின் மனைவி அழுதுகொண்டே கை தட்டினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்த பெட்டகத்தின் மனைவி மட்டும், "முடிஞ்சுதா? முழுசா இருக்காரா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

தச்சர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். "ஏன் போட்டீங்க? அவன் நின்னுக்கிட்டுதானே இருந்தான்?"

"பயமா இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தச்சரே, உங்க கையெழுத்துல பாதி என் தம்பி தோல்ல இருக்கு. நாளைக்கே போய்க் கண்ணைக் காட்டுங்க."

தச்சர் கையுறை போட்ட கையால் அக்காவின் கையை மெல்லத் தொட்டுவிட்டுப் போனார்.

திரும்பும்போது தம்பி நீலத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி நடந்தார். "இந்தத் தடவை பதினோரு மாசம் கிடையாது" என்றார். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் நின்று, "அன்னைக்கும் நீ சரியாத்தான் போட்ட" என்றார். அக்கா சாவியைத் தேடுகிறவர் போலப் பையைத் துழாவினார். சாவி கையில்தான் இருந்தது.

தச்சருக்கு அடுத்த மாதம் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. சண்டைக்கு முன்னால் கண் சோதிக்க டாக்டர் காட்டிய எழுத்துகளை, பெட்டகத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்து ஒப்பித்த கதையை இப்போது அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அதனால்தான் இதை எழுதலாயிற்று. வயதான அக்காவுக்குக் கை நடுங்கி, பிடித்திருந்த துண்டு நழுவி விழுந்துவிட்டது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். துண்டு நழுவவில்லை. தம்பி கேட்டார், அக்கா போட்டார்.