மிளகு மணக்கும் ஜாடி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் கெட்டுப்போனவர்களும் உண்டு.

ஜமைக்காவின் சவ்லாமார் ஊரில் முப்பது வருடமாகப் பெண்களுக்குத் தலை பின்னுகிறேன். போன வருடம் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. சீப்பைப் பிடித்தால் உயிர் போகிற வலி. பின்னாவிட்டால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எங்கள் சர்ச்சில் கஞ்சாவைத் திட்டுகிற பெண்களில் பாதிப் பேர் வீட்டில், வெள்ளை ரம்மில் கஞ்சா ஊறும் பாட்டில் ஒன்று கட்டிலுக்கடியில் இருக்கும். மூட்டில் தேய்த்தால் மருந்து, புகைத்தால் பாவம். நானும் அந்தக் கூட்டம்தான். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்ததே தவிர வலி போகவில்லை. கடைசியில் முக்காடு போட்டுக்கொண்டு, இப்போது லைசென்ஸோடு கஞ்சா விற்கும் மூலிகைக் கடைக்குப் போனேன்.

ரம் வாங்கினால் பாட்டிலில் போட்டிருக்கும் போதை எண்ணைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? அதே நினைப்பில், இருப்பதிலேயே பெரிய எண் ஒட்டியிருந்த ஜாடியைக் கேட்டு வாங்கி, டீ போட்டுக் குடித்தேன். அன்று வந்த ஒருத்திக்கு இடது பக்கம் மட்டும் பின்னிவிட்டு, "முடிஞ்சுது, கிளம்பு" என்று அனுப்பிவிட்டேன். வலியோ துளியும் குறையவில்லை.

மறுநாள் கடையே அதிரக் கத்தினேன். ஜாடிகளுக்குப் பின்னால் நின்ற கடைக்காரப் பெண் கெரீன் சிரித்தாள்.

"நம்பரை விடுங்க மிஸ் ஐசில்டா, மூக்கை நம்புங்க. செடியில வாசனை எண்ணெய் இருக்கு, டெர்பீன்னு சொல்வாங்க. ரகத்துக்கு ரகம் அது மாறும். உங்களுக்கு எது ஒத்துக்கும்னு மோந்து பார்த்து, கொஞ்சமா குடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"மோந்து பார்க்க நான் என்ன நாயா?"

"நாய் இவ்வளவு பேசாதுங்களே!"

முதல் ஜாடியில் ஆரஞ்சுத் தோல் வாசம். இரண்டாவதில் பழுத்த மாம்பழம். மூன்றாவதைத் திறந்ததும் மிளகும் ஈர மண்ணும் சேர்ந்து மணத்தது. அதைவிட்டு மூக்கை எடுக்க மனம் வரவில்லை. அதில் கொஞ்சம் கொடுத்தாள். நான்காம் நாள் காலையில் என் விரல்கள் மடங்கின. மடக்கியும் நீட்டியும் பார்த்தபடி அழுதேன். அந்த வாரம் மூன்று தலை பின்னினேன், இரண்டு பக்கமும்.

அந்தச் செடியை வளர்த்தவருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரென்று கெரீனிடம் கேட்டேன்.

"உங்க பக்கத்து வீட்டு ராஸ் ஜபரிதான். தெரியாதா?"

பதினைந்து வருடத்துக்கு முன், கஞ்சா வளர்ப்பது குற்றமாக இருந்தபோது, அவன் செடிகளைப் பற்றிப் போலீசுக்குச் சொன்னதே நான்தான். அத்தனையையும் பிடுங்கி எரித்தார்கள். அவன் ஆறு மாதம் சிறையில் இருந்தான்.

சுட்ட சீமைப்பலா ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"ஜபரி, என் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்தது உன் செடிதான்ப்பா. நீ நல்லா இருக்கணும். இன்னொண்ணும் சொல்லணும்... அன்னைக்குப் போலீசுக்குச் சொன்னது நான்தான்."

அவன் சடைமுடியை ஒதுக்கிவிட்டுப் பலாவைப் பிய்த்தான்.

"தெரியும் அக்கா. கூட்டிட்டுப் போன போலீஸ்காரனே வண்டியில சொல்லிட்டான்."

அவன் வெளியே வந்த வருடம்தான் புயலில் என் தகரக் கூரை பறந்தது. ஆணியும் சுத்தியலுமாக முதலில் ஓடி வந்தவன் இவன்தான்.

"அப்போ, எல்லாம் தெரிஞ்சுதான் என் கூரையைப் போட்டுக் கொடுத்தியா? ஏன்டா?"

"மழை பெய்ஞ்சுட்டு இருந்துச்சே அக்கா."