ஏழாவது மாடி தாண்டினால் ஒரு ‘டிக்’

லிஃப்ட் மெக்கானிக்குகளில் மீட்டரை நம்புகிறவர்கள் உண்டு, காதை நம்புகிறவர்களும் உண்டு. நம் மாப்பிள்ளை காது கட்சி. மோட்டார் அறையைத் திறக்கும் முன்பே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது.

அன்றைக்கு அந்தக் காதே அவரைப் படுத்தியது. அவர் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டையே காலையிலிருந்து மூடிவைத்து, தனியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். இறங்கும்போது ஏழாவது மாடி தாண்டியதும் ஒரு ‘டிக்’. ரோலரைக் கழற்றிப் பார்த்தார், கதவுப் பூட்டைத் துடைத்து மாட்டினார். எல்லாம் கச்சிதமாக இருந்தும் டிக் போகவில்லை.

கீழே வாசலருகே நாற்காலியில் மாமியார். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். மகள் வீடு பத்தாவது மாடி. கல்யாணப் பேச்சின்போது, “ரிப்பேர் வேலைதானே” என்று ஒரு வார்த்தை விட்டவர் அவர். மாப்பிள்ளைக்கு அது இன்னும் ஆறவில்லை. தன் கையால் பராமரித்த லிஃப்டில் மாமியாரை ஏற்றிப்போய் அதற்குப் பதில் சொல்ல நினைத்திருந்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம், அத்தை. ஒரு சத்தம் இருக்கு.”

“மெதுவா பாருங்க மாப்பிள்ளை. நான் எங்க ஓடப் போறேன்?”

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தவர் அப்படியே நின்றார். அதே ‘டிக்’.

“இப்பக் கேட்டுதா, அத்தை?”

“லிஃப்ட்தான் அணைஞ்சு கிடக்கே,” என்றார் மாமியார். “இன்னொரு வாய் குடிங்க.”

குடித்தார். டிக். மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“காது டாக்டர் கிளினிக்ல டோக்கன் கொடுத்தே காலம் தள்ளினவ நான். தொண்டையிலேருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகுது. சும்மா இருக்கப்ப ஒட்டி மூடியிருக்கும், முழுங்கினா திறக்கும். அந்தச் சத்தம்தான் இது. உங்களுக்குச் சளி வேற. மேலேருந்து இறங்கறப்ப காது அடைக்கும், நீங்களும் எச்சில் முழுங்குவீங்க.”

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியிறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார். “காலைலேருந்து மூடி வெச்சிருக்கீங்களே, அப்படி என்னதான் கோளாறு?”

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

“கோளாறு ஒண்ணுமில்லைங்க. வெறும் ரிப்பேர் பாக்கறவரா இருந்தா காலையிலேயே சரின்னு சொல்லிட்டுப் போயிருப்பார். எங்க மாப்பிள்ளை, சந்தேகம் தீராம மனுஷங்களை ஏத்த மாட்டார்.”

செயலாளர் தலையாட்டிக்கொண்டு வெளியே போனார்.

சுவிட்சைப் போட்டு, மாமியாரை நாற்காலியோடு உள்ளே ஏற்றி, மாப்பிள்ளை பத்தை அழுத்தினார். ஒரு நன்றியாவது சொல்லலாம் என்றால் தொண்டை அடைத்தது. முழுங்கவும் பயமாக இருந்தது. விறைத்துப்போய் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முழுங்கிடுங்க மாப்பிள்ளை,” என்றார் மாமியார். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”