பதினொரு கூடு

உடல் போன பிறகு அந்த வீட்டில் மிஞ்சியவர்கள் நான்கு பேர். லோகநாதனைக் கிடத்தியிருந்த கூடத்தில் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள் எதிர்வீட்டு அஞ்சலை. வாசற்படியில் காலை நீட்டி அவன் தங்கை ரேகா. ஷாமியானாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரகுநாதன். பிரஷர் இருப்பதால் சுடுகாட்டுக்குப் போகவில்லையாம். வாஷிங் மெஷினில் முதுகைச் சாய்த்துத் தரையில் அவன் பெண்டாட்டி வரலட்சுமி.

ரகுநாதன் தொண்டையைச் செருமினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. சார் இருக்கும்போதே சங்கத்துல லெட்டர் குடுத்தோம். இவ்ளோ எருக்கு இருந்தா இந்த லேஅவுட்ல எவன் மனை வாங்குவான்? ஆள் வந்திருக்கான். இப்பவே வெட்டிடச் சொல்றேன்."

கேட்டருகே ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். பாடை தெருமுனை திரும்பி அரை மணிகூட ஆகவில்லை.

வீட்டை ஒட்டிய அரை கிரவுண்டும் வெறும் மணல். நாள் முழுக்க வெயில். அதில் லோகநாதன் நட்டது எருக்கு, வேலியில் ஏற்றியது வேலிப்பருத்தி. பட்டாம்பூச்சி முட்டை வைக்குமாம். முத்தாபுதுப்பேட்டையே சிரித்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன், புழு கட்டிய ஒவ்வொரு கூட்டுக்கும் இலைக்காம்பில் நூல் கட்டி, அட்டையில் தேதி எழுதித் தொங்கவிட்டான். நேற்றுக் காலை அப்படி ஒன்றைக் கட்டி முடித்த கையோடுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

"வெட்டட்டும் அண்ணி," என்றாள் ரேகா. "அண்ணன் அந்தச் செடிகிட்டதானே வுழுந்துச்சு. எருக்கு மொளச்ச ஊடு வெளங்குமான்னு நீதானே கேட்டுகினு கெடந்த."

கேட்டதுதான். சோறு போடும்போது கேட்டாள், துணி காயப்போடும்போது கேட்டாள். அவன் சிரித்ததோடு சரி. இப்போது அந்தச் சொல் இன்னொருத்தி வாய்வழியாகத் திரும்பி வந்து அவள் கன்னத்தில் அறைந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ரகுநாதன்மேல் எரிச்சல், ரேகாமேல் எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலே, பதில் எழுதுறேன் எழுதுறேன் என்று பத்து நாளை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தவன்மேல்.

மண்வெட்டி முதல் செடியில் இறங்கியது. ஒரு கிளை வெட்டுப்பட்டுச் சாய, வெள்ளைப் பால் மணலில் சொட்டியது.

வரலட்சுமி எழுந்தாள்.

"அண்ணி, பதினாறு முடியாம வாசப்படி தாண்டாத," என்றாள் ரேகா.

அவள் தாண்டினாள். சுடுமணலில் வெறுங்காலோடு போய் மண்வெட்டிக்கு முன்னால் நின்றாள். "இன்னாயா பண்ற? எடு கைய."

ஆள் ரகுநாதனைப் பார்த்தான்.

"துக்கத்துல பேசறீங்க," என்றார் அவர். "நாங்க எழுத்துல குடுத்தோம். எழுத்துலதான் பதில் வரணும்."

"வரும். சங்க ஆபீஸ்ல போய் உக்காரு."

அவரை அவள் ஒருமையில் பேசியது அதுவே முதல் தடவை. அவர் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். செடி செடியாக அட்டைகளை எண்ணிவிட்டு அவள் உள்ளே வந்தாள்.

ஃபிரிட்ஜின்மேல் சங்கத்துக் கடிதமும், அதனடியில் அவன் எழுதத் தொடங்கிய தாளும் இருந்தன. 'ஐயா, தங்கள் நான்காம் தேதிக் கடிதம் கிடைத்தது.' அவ்வளவுதான். கீழே அவள் எழுதினாள்:

'எருக்கு எங்கள் சொந்த மனையில் இருக்கிறது. அதில் பதினொரு கூடு உள்ளது. இன்று தங்கள் ஆள் வெட்டிய கிளையில் உள்ளதையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். செடி அடுத்த வருஷமும் இருக்கும். மறுபடி ஆள் அனுப்பினால் அடுத்த கடிதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். இப்படிக்கு, வரலட்சுமி லோகநாதன்.'

பசை இல்லை. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அஞ்சலை கொண்டுவந்து வைத்திருந்த சோற்றில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கி உறையை ஒட்டினாள். ரேகாவிடம் நீட்டினாள்.

"நானா?"

"நான்தான் வாசப்படி தாண்டக் கூடாதே. நீ போ."

ரேகா வாங்கிக்கொண்டாள். கேட்டுவரை போனவள் நின்றாள். வெட்டுப்பட்ட கிளையில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றுத் தேதி, அண்ணன் கையெழுத்து. கடிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தக் கிளையை நிற்கிற செடியோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு பால் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.