பெரிய தோட்டா கேட்டவள்

“எனக்குப் பெரிய தோட்டா வேணும், சேர். ஒரு மகசின் நிறைய.”

கேட்டுவிட்டேன். பெரிசைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே என்று பப்பா எனக்குச் சொல்லாத நாளில்லை. பள்ளிக்கூடக் காசு கேட்டபோதுகூட அவர் முகம் இப்படிச் செத்ததில்லை. படியடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

சோமசேகரம் சேர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஊரில் பெயர்பெற்ற பிரக்கிராசி, கோட்டில் வழக்குப் பேசுகிறவர். துப்பாக்கிக் கழகத்தின் செயலாளர். என்னைப் பார்க்காமல் பப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

“என்ன றொபேட், உம்மட மகள் என்ன கேக்கிறா?”

பப்பா அந்தக் கழகத்தின் காவற்காரர். எங்கள் வீடு என்று சொல்வது கழகக் கட்டடத்தின் பின்னறை. உவர்மலைச் சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி, வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சுடுதளமும் ஒரு நாற்பத்தைந்து பிஸ்டலும்தான் கழகத்தின் சொத்து. பிஸ்டல் இருந்தது, போடத் தோட்டா இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் பெரிய தோட்டா யானை விலை. அப்போது நிர்வாகக் குழுவில் இருந்த, கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருக்கும் முனாப் முதலாளி, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பற்காரர் ஒருவரைப் பிடித்து, ஒரு மாற்றுச் செற் வரவழைத்தார். பிஸ்டலின் மேற்பாகத்தையும் குழலையும் மகசினையும் கழற்றிவிட்டு அதைப் பூட்டினால் அதே பிடியில், அதே விசையில், சின்ன இருபத்திரண்டுத் தோட்டா சுடலாம். பெரிய தோட்டாவைப் பிஸ்டலின் ஊசி அடித்தட்டின் நடுவில் குத்தும். சின்னதை விளிம்பில் குத்தும். வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு பெரிய தோட்டாவின் விலைக்கு ஒரு பின்னேரம் முழுக்கச் சுட்டுத் தீர்க்கலாம்.

ஆகவே வருடம் முழுக்கச் சின்னன். ஆண்டு விழாவில் மட்டும் பெரிசு. அதுவும் நிர்வாகக் குழுவுக்கு மட்டும். சுட்டு முடிந்ததும் கிண்ணம், கைதட்டல், புரியாணி.

நான் பேராதனையில் பட்டம் எடுத்துக்கொண்டு வந்து இரண்டு வருடமாகச் சும்மா இருந்தவள். பப்பாவின் பரம்பரையில் எஸ்.எஸ்.சி. தாண்டிய ஆள் வேறு இல்லை. கழகத்துக்குக் கூட்டறிக்கை தட்டெழுதிக் கொடுக்கப் போனேன். ஒருநாள் விளையாட்டாகச் சின்னனைக் கையில் தந்தார்கள். இலக்கின் கறுப்பு வட்டத்தைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து யாராவது துரை வந்தால், “எங்கட வோச்சரின்ர மகளைப் பாருங்கோ” என்று கூப்பிட்டுக் காட்டுவார்கள். குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதுபோல ஒரு சோடா தருவார்கள்.

பெண் காவலருக்குச் சுடப் பழக்க ஒரு உத்தியோகம் கொழும்பில் விழுந்திருந்தது. பட்டம் வேண்டும், பெரிய பிஸ்டலில் எடுத்த புள்ளிக்குக் கழகத்தின் அத்தாட்சியும் வேண்டும். முதலாவது கையில். இரண்டாவதைக் கேட்கத்தான் அன்று போனேன்.

“சின்னனில நீர் விண்ணி. அது காணாதோ?” என்றார் சேர்.

“காணாது. பெரிசில எடுத்த புள்ளி எண்டு போட்டிருக்கு.”

“பெரிசு கையை உதறும் பிள்ளை. தோள் கழண்டு போகும்.”

“கழண்டால் நான் கொழுவிக்கொள்ளுறன், சேர்.”

பக்கத்துக் கதிரையில் இருந்த முனாப் முதலாளி வெற்றிலை சிதறச் சிரித்தார். “விடுங்க சேர், புள்ள சுடட்டும். தோளும் அவட, தோட்டாவும் என்ட.”

தோட்டா முதலாளியின் காசு என்பதால் சேர் மறுக்கவில்லை. “ஒரு மகசின்தான். பழக்கமும் அதுதான், சோதனையும் அதுதான்.”

மாற்றுச் செற்றைக் கழற்றி, பிஸ்டலின் சொந்த மேற்பாகத்தைப் பூட்டிக் கொடுத்தார். அதன் நுனியில், குறி பார்க்கும் முன்குறியில் ஒரு பித்தளைத் துண்டு பற்றவைத்திருந்தது.

“இதென்ன, சேர்?”

“நான் பட்டறையில குடுத்து ஒட்டுவிச்சனான். செற்றில முன்குறி உயரம், இதில கட்டை. ரெண்டையும் ஒரே உயரமாக்கினால் கண்ணுக்கு ஒரே பழக்கம்.” தன் புத்தியில் அவருக்கே ஒரு பூரிப்பு.

“சுட்டுப் பாத்தனீங்களோ?”

“பாக்கிறதுக்கெண்டு பெரிசை வீணாக்குறதோ? வருசா வருசம் கறுப்புக்குள்ளதானே விழுகுது.”

முன்குறி உயர்ந்தால் குழல் தாழும். குழல் தாழ்ந்தால் சூடு கீழே போகும். இதற்குப் பட்டம் தேவையில்லை. ஆனால் வருடா வருடம் கறுப்புக்குள் விழுகிறது என்கிறாரே என்று பிஸ்டலைக் கையில் எடுத்தேன்.

பப்பா இலக்குக் குழிக்குள் இறங்கினார். இலக்குத் தாளைக் கீழே இறக்கி, துளைகளைப் பார்த்து, வட்டத் தகட்டால் புள்ளி காட்டுவது அவருடைய வேலை. பிறகு பசைத் தாளால் துளைகளை ஒட்டி மூடுவார். குழிக்குள் அங்கத்தவர் இறங்குவதில்லை. துரைமார் காலத்து வழக்கமாம்.

சுட்டேன். முதற் சூட்டில் கை வானத்துக்குப் போய் வந்தது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டேன். மிச்சமெல்லாம் ஒரே மூச்சு, ஒரே பிடி. தாள் கீழே போனது. மேலே வர நேரம் எடுத்தது. வந்ததும் தகடு காட்டியது: கறுப்பு, கறுப்பு, எல்லாம் கறுப்பு.

முதலாளி கைதட்டினார். சேர் உடனேயே அத்தாட்சி எழுத உட்கார்ந்தார். எனக்கு மட்டும் சந்தோசம் வரவில்லை. சுடும்போது இலக்குச் சட்டத்தின் கீழ்ப்பக்கமாக, பின்னால் உள்ள மேட்டில் மண் தெறித்ததை நான் கண்டிருந்தேன். காவற்காரன் மகளுக்கு என்ன வழக்கம்? குழிக்குள் இறங்கினேன்.

பப்பாவின் கையில் அவருடைய பேனை மூடி இருந்தது. தாளின் கறுப்பில் வட்டம் வட்டமாக, பேனை மூடியின் அளவில், சுத்தமான துளைகள். கீழே வெள்ளை ஓரத்தில் புதிதாக ஒட்டிய தாள்கள் ஈரம் காயாமல் கிடந்தன. நகத்தால் உரித்தேன். உள்ளே என் துளைகள், ஓரத்தில் ஈயத்தின் கரி வளையத்தோடு. உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். சரியான கை, பிழையான இடம்.

“உனக்காகத்தான் செய்தனான், பிள்ளை.”

“மற்றவைக்கு?”

“மற்றவைக்குச் சம்பளத்துக்கு.”

“எப்ப தொட்டு?”

“அந்தப் பித்தளை ஒட்டின நாள் தொட்டு. முதல் வருசம் எல்லாற்ற சூடும் கீழதான் போச்சுது. நான் உள்ளதைக் காட்டினனான். அடுத்த நாள் சேர் கூப்பிட்டு, றொபேட், உமக்குக் கண் மங்குதோ எண்டு கேட்டார். கண் மங்கின காவற்காரனை ஆர் வைச்சிருப்பினம்?”

பெரிசைப் பற்றிக் கதைக்காதே என்றது இதற்குத்தான். நான் அதை ஏழையின் பயம் என்று நினைத்திருந்தேன்.

இலக்குத் தாளையும் பசைச் சிரட்டையையும் ஒட்டுத் தாள் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மேலே வந்து, சேரின் மேசையில் தாளை விரித்தேன்.

“கீழ கிடக்கிறதுதான் என்ர சூடு. உங்கட பித்தளையாலதான் கீழ விழுந்தது. அதைக் கழட்டிப்போட்டு இன்னொரு மகசின் தாங்கோ. எல்லாத்தையும் நடுவில வைக்கிறன்.”

சேர் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். உள்ளே கிண்ணங்கள் பளபளத்தன.

“பிஸ்டலில பிழை இல்லை” என்றார்.

முனாப் முதலாளி தாளின் மேல் குனிந்து, ஒரு சுத்தமான துளையை விரலால் தடவினார். “அப்ப போன வருசம் நான் அடிச்ச அடி…?”

“முதலாளி, நீங்கள் சும்மா இருங்கோ.” பிறகு என்னிடம், குரலை ஒடுக்கி: “உம்மட அப்பர் கள்ளக் குறி காட்டினவர் எண்டு எழுதவோ? எழுதினால் வேலையும் இல்லை, அறையும் இல்லை. இந்தா, அத்தாட்சி. வடிவான புள்ளி. கொண்டு போம். எல்லாருக்கும் நல்லது.”

“வாங்கு பிள்ளை” என்றார் பப்பா, பின்னாலிருந்து.

வாங்கியிருக்கலாம். கொழும்பில் ஒழுங்கான பிஸ்டல் ஒன்று தந்தால் முதல் நாளே இந்தப் புள்ளியை உண்மையாக எடுத்துக் காட்டுவேன். பொய் ஒருவருக்கும் தெரியவராது. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. வயிறு எரிந்ததும் அதனால்தான். என் கைக்கு உள்ளதையே இவர்களிடம் பிச்சையாக வாங்க வேண்டும். நான் போன பிறகும் பப்பா அந்தக் குழிக்குள் கிடந்து கனவான்களுக்குத் துளை போட வேண்டும். “எங்கட வோச்சரின்ர மகள், நாங்கள்தான் ஆளாக்கினது” என்று இவர்கள் புரியாணி தின்பார்கள்.

சிரட்டையில் விரலை விட்டேன். கறுப்பில் பப்பா போட்ட துளைகளை ஒவ்வொன்றாக ஒட்டி மூடினேன். கீழே என்னுடையவை மட்டும் திறந்து கிடந்தன.

“இதில கையெழுத்து வையுங்கோ.”

“இதில ஒரு புள்ளியும் இல்லையே!”

“ஓம். இல்லைத்தான்.”

“நான் வைக்க ஏலாது.”

“வையாதையுங்கோ. இதை இப்படியே கொண்டுபோய்க் காட்டி, ஏன் கீழ விழுந்தது எண்டும் சொல்லுவன். சூடு தெரிஞ்ச ஆள் நெருக்கத்தைப் பாக்கும். தெரியாத ஆளுக்குக் கீழ நான் வேலை செய்யத் தேவையில்லை.”

தாளைச் சுருட்டினேன். பசை என் சட்டையில் பட்டது. படியில் பப்பா வழியை மறித்தார்; மறித்தார் என்றும் சொல்ல முடியாது, நகரவில்லை, அவ்வளவுதான்.

“நாங்கள் எங்க போய் இருக்கிறது, கிறேஸ்?”

“சல்லி ஊரில மாமி வீட்டை. சாமானைக் கட்டுங்கோ.”

“என்னைக் கேட்டனியோ?”

கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கு என்றுதான் இன்னொருமுறை சொல்லியிருப்பார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மேலே முனாப் முதலாளி அலுமாரியைத் திறக்கச் சொல்லிச் சத்தம் போடுவதும், சேர் திறப்புச் சாவி இல்லை என்று சொல்வதும் கேட்டன. வாசற் கடவையைத் தள்ளித் திறந்து, கொழும்பு றெயிலுக்கு ஸ்ரேசன் பக்கமாக நடந்தேன்.