நாற்பத்திரண்டாம் சத்தம்

நூலகருக்குக் காது கூர்மை என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வதாகும். மூன்று அலமாரி தள்ளி உட்கார்ந்திருப்பவர் மிட்டாய்க் காகிதத்தைப் பிரிக்கலாமா என்று நினைத்தாலே போதும், இங்கிருந்து "உஷ்!" என்று வரும். முப்பது வருஷம் உஷ் சொல்லிச் சொல்லி அவர் வாயே குவிந்துபோய்விட்டதாக அவர் மனைவி சொல்வாள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக ஒரே காரை வைத்திருக்கிறார் என்றால் சும்மா இருப்பாரா? நூலகத்தில் புத்தகத்துக்குப் பட்டியல் அட்டை எழுதுவதுபோல அந்தக் கார் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் அட்டை எழுதி, எண் கொடுத்து, ஒரு மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். 'ஏழு: கீச். பின் இடது கதவு. மழை நாளில் மட்டும்.' 'பத்தொன்பது: கடகட. மூன்றாவது கியரில், மேட்டில் ஏறும்போது.' 'முப்பத்து மூன்று: ஙொய். காரணம் தெரியவில்லை. கெடுதல் இல்லை.' இப்படி மொத்தம் நாற்பத்தொன்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்த நாற்பத்தொன்றும் அவருக்குச் சங்கீதம்தான்.

அந்தக் காரிலேயே அறுநூறு கிலோமீட்டர் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவு செய்தார். மகளுக்கு வேலை கிடைத்து, தனியாக வீடு எடுத்து நான்கு மாதம் ஆகிறது.

"பஸ்ல வந்துருங்கப்பா, அந்த வண்டி தாங்காது" என்றாள் அவள் போனில்.

"பொறந்து மூணாம் நாள் உன்ன ஆஸ்பத்திரிலேருந்து தூக்கிட்டு வந்ததே இந்த வண்டிதான். அத வீட்டுல விட்டுட்டு நான் பஸ்ல வரணுமா?"

இப்படிக் கேட்டால் பெற்ற பெண் என்னதான் சொல்வாள்? "சரி, பாத்து வாங்க" என்று வைத்துவிட்டாள்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். அந்த மெக்கானிக்குக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'பார்க்கலாம்'. வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டாலும் பார்க்கலாம், சாப்பிட்டாயா என்று கேட்டாலும் பார்க்கலாம். பார்க்கலாம் நான்கு டயரையும் மாற்றினார், பேட்டரி மாற்றினார், ரேடியேட்டர் ஹோஸ் மாற்றினார், பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். வண்டியை எடுத்துக்கொண்டு நூலகரும் மனைவியும் வீடு திரும்பும்போது, கடைத்தெரு முனையில், கேட்டது.

டொக்.

நூலகரின் முகம் வெளிறியது. நாற்பத்தொன்றில் இது இல்லை.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

டொக்.

"ஒண்ணுமில்லன்னா ரெண்டாந்தடவை எப்படிங்க வரும்?"

மனைவி சலவைக் கடை நடத்துகிறவள். நாளெல்லாம் கடை வேனை ஓட்டிக்கொண்டு, துவைத்து மடித்த துணி மூட்டைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவள். ஒரு மாடு திரும்பவே யோசிக்கும் சந்தில் வேனைப் பின்பக்கமாகவே ஓட்டி வெளியே கொண்டுவந்துவிடுவாள். ஆனால் இந்தக் காரின் ஸ்டியரிங்கை அவள் தொட்டதில்லை. தொட விட்டால்தானே! கேட்டபோதெல்லாம் நூலகர், "அது வேன், இது வண்டி. இந்த கிளட்சுக்குக் காலுல ஒரு பக்குவம் வேணும்" என்று சொல்லிவிடுவார். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் கறாராகச் சொன்னாள். "நடுரோட்டுல நின்னு போறவன் வர்றவனுக்கெல்லாம் கை காட்டிட்டு நிக்க என்னால ஆகாது. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். கெளம்புறதுக்கு முந்தின நாள். அதுக்குள்ள வண்டில வர்ற அந்தச் சத்தம் நிக்கணும். நிக்கலேன்னா தம்பி வண்டில போறோம்."

தம்பி வண்டி! அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் நூலகர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். மச்சினன் புதிதாக ஒரு கார் வாங்கியிருந்தான். வாங்கிய நாளிலிருந்து அவன் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. "அத்தான், சீட்டு சூடாகும். அத்தான், சீட்டு குளிரும். அத்தான், கதவு சாத்தலன்னா அதுவே சொல்லும்." ஒரு தடவை கடைவரை போய்வந்ததற்கே நூலகருக்கு இரண்டு நாள் தலைவலி. அறுநூறு கிலோமீட்டர், பின் சீட்டில், பெட்டிகளோடு பெட்டியாக உட்கார்ந்து, அத்தான் அத்தான் என்று கேட்டுக்கொண்டே போவதா? அதற்கு நடந்தே போய்விடலாம்.

மறுநாளே பார்க்கலாமிடம் ஓடினார்.

"எப்படி சத்தம் வருது சார்?"

"டொக்."

"டக்கா, டொக்கா?"

"டொக். கொஞ்சம் காஞ்ச டொக்."

"பார்க்கலாம்" என்று அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினார். ஒரு சத்தமும் இல்லை. நூலகர் ஓட்டினார். டொக். மறுபடி பார்க்கலாம் ஓட்டினார். கப்சிப்.

அடுத்த மூன்று வாரம் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எஞ்சின் மவுண்டிங் மாறியது. டொக். சஸ்பென்ஷன் புஷ் மாறியது. டொக். கிளட்ச் கேபிள் மாறியது, மகா டொக். ஒரு நாள் பார்க்கலாம் டிக்கிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு, "ஓட்டுங்க சார், உள்ளேருந்து கேக்குறேன்" என்றார். சிக்னலில் நின்றபோது டிக்கிக்குள்ளிருந்து, "வரல சார், முன்னாடிதான் வருது!" என்று ஒரு குரல் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து ஸ்கூட்டர்காரர் வண்டியோடு சாயப் பார்த்தார்.

"சார், நான் ஓட்டுனா வரமாட்டேங்குது, நீங்க ஓட்டுனா வருது. வண்டிக்கு உங்க மேல ஏதோ மனத்தாங்கல்" என்றார் பார்க்கலாம் கடைசியில்.

"இருபத்திரண்டு வருஷமா ஒரு பேச்சு பேசாத வண்டிய்யா இது!" என்றார் நூலகர்.

இந்தக் கவலையில் நூலகத்திலும் நிம்மதி இல்லை. அங்கே வேறு யாரோ மேசையைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். மேல் தட்டிலிருந்து புத்தகம் எடுக்க அவர் சிறு ஏணியில் கால் வைத்தாரோ இல்லையோ, பின்னாலிருந்து டொக். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் நல்ல பிள்ளைகளாகக் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள். பல நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த ஒரே ஆளான குறுக்கெழுத்துக்காரரை, "பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க" என்று வெளியே அனுப்பிவிட்டார். அந்த மனுஷன் ஒன்பது ஆண்டாக அந்த நாற்காலியில் குறுக்கெழுத்து போடுகிறவர். "நான் தட்டவே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. கூடவே மச்சினனும் வந்தான், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு. அவன் கார் வாசலில் நின்று தானாகவே இரண்டு தடவை 'பீப்' என்றது.

"அத்தான், பெட்டிய எடுத்து வைக்கலாமா? டிக்கி தானாத் தொறக்கும்."

நூலகர் தன் காரில் போய் உட்கார்ந்தார். எஞ்சினைக்கூட அவர் முடுக்கவில்லை. சும்மா, கடைசியாக ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான். அழுகை வரும்போல இருந்தது. ஐம்பத்தெட்டு வயசில் காருக்காக அழுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் கிளட்சை மிதித்தார்.

டொக்.

"ஏய்!" என்று கத்தினார். "எஞ்சின் ஓடல! ஓடாமலே வருது! பார்க்கலாமைக் கூப்பிடு!"

பார்க்கலாம் ஸ்பேனர் பையோடு வந்து சேர்ந்தார். எஞ்சின் ஓடாமல் சத்தம் வருகிறது என்றதும் அவர் கண் பளிச்சென்றது. பையிலிருந்து நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். அதன் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு நுனியை ஒவ்வொரு பாகத்திலும் வைத்துக் கேட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். திறந்த கதவு வழியே உடம்பை நுழைத்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொடுத்து, நூலகரின் காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டார். மனைவியும் மச்சினனும் குனிந்து பார்த்தார்கள்.

"மிதிங்க சார்." நுனி கிளட்ச் பெடலில். "இங்க இல்ல."

"மிதிங்க." நுனி கேபிளில். "இங்கயும் இல்ல. ஆனா கிட்ட வந்துட்டோம். மிதிங்க. இன்னும் கொஞ்சம் மேல. மிதிங்க..."

நுனி மெல்ல மேலே ஏறி, நூலகரின் இடது முழங்காலில் போய் நின்றது.

"மிதிங்க சார்."

டொக்.

பார்க்கலாம் ஸ்குரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். நுனியால் முழங்காலை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார்.

"சார்" என்றார் பார்க்கலாம். "இதுக்கு என்கிட்ட ஸ்பேர் இல்ல."

முதலில் சிரித்தது மனைவி. காரின் பானெட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடினானாம் ஒருத்தன். இவர் அந்த ஆட்டுக்கு மவுண்டிங்கும் புஷ்ஷும் மாற்றியிருக்கிறார். நூலகர் முழங்காலைத் தடவிப் பார்த்தார். நீட்டினார், மடக்கினார். டொக். திடீரென்று அவருக்குக் குறுக்கெழுத்துக்காரர் ஞாபகம் வந்தது. நூலகத்து ஏணி ஞாபகம் வந்தது. "ஐயையோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் தெளிந்ததும் மச்சினன்தான் ஆரம்பித்தான். "அக்கா, சத்தம் நிக்கலன்னா என் வண்டின்னு சொன்னியே. நிக்கலையே?"

"வண்டில வர்ற சத்தம்னுதான்டா சொன்னேன். வண்டில ஒரு கோளாறும் இல்ல" என்றாள் அவள்.

நூலகருக்கு உயிர் திரும்பி வந்தது. "கேட்டியா? ஒரு கோளாறும் இல்ல! நாளைக்கு விடியக் காலைல..."

"இருங்க. சத்தம் போடுற பார்ட்ட மாத்தாம எப்படிக் கெளம்புறது? அறுநூறு கிலோமீட்டர் கிளட்ச் மிதிச்சா அந்தக் கால் என்னத்துக்கு ஆகும்? வந்ததும் டாக்டர்கிட்ட காட்டணும்." சொல்லிவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

நூலகர் சாவியைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். வாசலில் நின்ற புதுக் கார், யாரும் கேட்காமலே இன்னொரு தடவை 'பீப்' என்றது. அவர் சட்டென்று சாவியை அவள் கையில் வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். வழியில் குறுக்கெழுத்துக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி, நூலகர் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு பக்கத்து சீட்டில், அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் வண்டியை எடுப்பதைப் பார்க்க மனசில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி குலுங்கவில்லை, திணறவில்லை. அது வேறு அவருக்கு வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஒரு சின்னத் திணறலாவது திணறியிருக்கலாம்.

ஊரைத் தாண்டி ஒரு பெரிய வளைவு. அவள் கியரைக் குறைத்தாள்.

டொக்.

"பாத்தியா!" என்று துள்ளினார் நூலகர். "நான் ஓட்டல! அப்பவும் வருது! வண்டிதான்! நான் அப்பவே சொன்னேன்!"

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கீழ பாருங்க."

பார்த்தார். பெடலே இல்லாத அந்த இடத்தில், தரை விரிப்பை அவருடைய இடது கால் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது.

"ஒரு கிளட்சுக்கு எதுக்குங்க ரெண்டு பேரு? எடுங்க காலை."

எடுத்தார். பிறகு பெட்டியிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து எழுதி, உரக்கப் படித்தார். "நாற்பத்திரண்டு: டொக். இடது முழங்கால். மனைவி ஓட்டும்போதும் வரும்."

அவள் சிரித்த சிரிப்பில் வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்ததையே மறந்துவிட்டாள். முன்னாலிருந்து எங்கோ 'ஙொய்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. அவள் சிரிப்பு நின்றது. காலை லேசாகத் தூக்கினாள்.

"என்னங்க இது? நான் எதாவது தப்பா...?"

"அது முப்பத்து மூணு" என்றார் நூலகர், சாய்ந்து உட்கார்ந்துகொண்டு. "அதுக்கு ஒண்ணும் ஆகாது. நீ ஓட்டு."