இரண்டு காதிலும் போன்

துறைமுக வீதிப் புடைவைக் கடையில் மதிய வியாபாரம் ஓய்ந்திருந்தது. அங்கே வேலை செய்யும் பிரியதர்சினி, தம்பலகாமத்திலிருக்கும் அக்கா லோஜனாவுக்குப் போன் எடுத்தாள்.

“சாப்பிட்டியோ அக்கா?”

“சோ... சோத்துக் கோப்பை விழுந்திட்டுது. கை பிடிக்குதில்ல.”

சொற்கள் குழைந்து, ஒன்றன்மேல் ஒன்று சரிந்து வந்தன. அக்கா வீட்டில் தனியே. லைனை வெட்டாமல், கூட வேலை செய்யும் றிஷானாவின் போனை வாங்கி, அக்காவின் கணவரான அத்தானுக்கு அடித்தாள். வயலில் நின்றவர் எடுக்கவில்லை. ஓட்டோவில் பறந்தாலும் அரை மணிக்கு மேலாகும்.

“1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ,” என்றாள் றிஷானா.

“ஒண்டுமில்லாத விசயமெண்டு ஏசினா?”

“ஏசினா ஏசட்டும். அடியுங்கோ!”

வலது காதில் வைத்த றிஷானாவின் போனில் முதலில் சிங்களம் கேட்டது. “தமிழில கதைக்க ஏலுமோ?” என்று கெஞ்சினாள். தமிழ் பேசும் ஒரு பெண் வந்தாள்.

“நோயாளி எங்க இருக்கிறா? எந்த ரோட்?”

எத்தனை தடவை போன வீடு! ரோட்டின் பெயர் மட்டும் நாக்கில் வரவில்லை. “தம்பலகாமத்தில, கண்டி ரோட்டில நெல் ஆலை ஒண்டு இருக்கு... அதுக்கு அங்கால வலப்பக்கம் திரும்பினா, பச்சைக் கேற் வீடு.”

“எப்ப தொடங்கினது?”

இடது காதிலிருந்த தன் போனில் அக்காவிடம் கேட்டாள். “சமைக்கேக்க... நல்லாத்தான் இருந்தன்,” என்றாள் அக்கா. “தேத்தண்ணி குடிச்சா... சரிவரும்.”

அதையும் அப்படியே வலது காதுப் போனில் சொன்னாள்.

“குடிக்க ஒண்டும் வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்கோ. வாகனம் வெளிக்கிட்டிட்டுது.”

“அக்கா, குசினிக்குப் போகாத! நிக்கிற இடத்திலயே படு. வாசல் கதவு திறந்துதானே கிடக்கு?”

“ஓம்...”

பிறகு எதுவும் கேட்கவில்லை. “அக்கா! அக்கா!” பிரியதர்சினி கத்தினாள். சேலை பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். றிஷானா அவளைக் கதிரையில் இருத்தினாள். இடது காதில் மின்விசிறியின் இரைச்சல் மட்டும். அது நெடுநேரம் ஓடியது. பிறகு நாய் குரைத்தது. வாகனக் கதவு அடித்தது.

“அம்மா, நான் கதைக்கிறது விளங்குதா?” என்று யாரோ ஒரு ஆண் கேட்டான்.

“ம்...” என்றது அக்காவின் குரல். பிரியதர்சினி மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். மருந்து பலிக்கக்கூடிய நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்களாம். சேறு காயாத காலோடு வார்டு வாசலில் நின்ற அத்தான் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். லோஜனாவுக்குப் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. வலக்கை மட்டும் இன்னும் சுணக்கம்தான்.